தீயில் வைக்கும் முன் எவ்வளவு தேய்ப்பது

மற்ற வீடுகளில் புருசனும் பெண்டாட்டியும் எதற்குச் சண்டை போட்டுக்கொள்கிறார்களோ, எங்கள் வீட்டில் கத்தியின் விளிம்புக்குத்தான் சண்டை. தீயில் வைப்பதற்கு முன்னால் அந்த விளிம்பை எவ்வளவு மெல்லிசாகத் தேய்க்கலாம் என்பதற்கு. என் தங்கை இதைக் கேட்டுச் சிரித்தாள். நகைக்கும் நிலத்துக்கும் சண்டை போட்டால் அர்த்தம் இருக்கிறது, இரும்புக்கு என்ன சண்டை என்றாள். அவளுக்கு உட்கார்ந்து விளக்க எனக்குப் பொறுமை இல்லை. அவளுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

பாலக்காட்டுப் பக்கம் எருத்தேன்பதியில் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. காய் விற்றுச் சாப்பிட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் பேசாமல் இருந்திருக்கலாம். அவருக்குப் பேசாமல் இருக்க வராது. இளவயதில் கஞ்சிக்கோட்டில் ஒரு வார்ப்படப் பட்டறைக்கு, மணலில் அச்சு தட்டும் வேலைக்குப் போனார். தோப்பை வைத்துக்கொண்டு இவன் ஏன் மண்ணில் புரண்டு வருகிறான் என்று அவருடைய அண்ணனுக்கு மானம் போயிற்று. பல வருசம் கழித்து அந்த வேலையை விட்டாலும் இரும்பை விடவில்லை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, ஒரு மோட்டாரை வாங்கி வைத்து, உப்புத்தாள் பெல்ட் சுற்றி ஓடுகிற மெஷின் ஒன்றைத் தானே செய்துகொண்டார். லாரியின் கமான் பட்டையை வெட்டிக் கத்தி செய்ய ஆரம்பித்தார். முதலில் வீட்டுக் கத்தியும் அரிவாளும்தான். அப்புறம் பெருமாட்டிப் பக்கமிருந்து கள் இறக்குகிறவர்கள் தேடி வந்தார்கள்.

அவர்களுக்கு வேண்டியது பாளை சீவும் கத்தி. உள்ளங்கையை விட அகலமாக இருக்கும். மரத்தின் மேல் உட்கார்ந்து பாளையின் நுனியைத் தினமும் நூல் கனத்துக்குச் சீவி எடுக்க வேண்டும். கத்தி மொண்ணையாக இருந்து பாளை கிழிந்தால் கள் சொட்டுவது நின்றுவிடும். அதனால் விளிம்பு சவர பிளேடு மாதிரி இருக்க வேண்டும், அதேசமயம் மடங்கவும் கூடாது. அந்தக் கெட்டித்தனம் தீயில்தான் கிடைக்கும். பட்டையைச் செக்கச்செவேலென்று பழுக்கவைத்து, காந்தம் ஒட்டாத சூடு வந்ததும் எண்ணெயில் முக்கி எடுப்பார். தோப்புக்காரர்கள் என்பதால் எங்களுக்குத் தேங்காய் எண்ணெய். முக்கும் நாளில் கொட்டகையில் பலகாரம் சுட்ட வாசனை வரும். பிறகு அதன் விறைப்பைத் தணிக்க, மகள் கேக் செய்ய வாங்கிய ஓவனில் வைத்து மெதுவாகச் சூடு காட்டுவார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் கேக் சாப்பிடவில்லை.

இனிமேல்தான் சண்டை. தீயில் போகும்போது விளிம்பு ரொம்ப மெல்லிசாக இருந்தால், முதுகு பழுப்பதற்குள் விளிம்பு கருகிவிடும். எண்ணெயில் போட்டதும் அது முதலில் இறுகும். இறுகினால் நெளியும், அல்லது விரிசல் விடும். அதனால் கொஞ்சம் இரும்பை மிச்சம் வைத்துத்தான் தீயில் வைக்க வேண்டும். காலாவதியான ஏடிஎம் கார்டு ஒன்று அவர் சட்டைப்பையில் இருக்கும். விளிம்பு அந்தக் கார்டின் கனத்துக்குக் குறையக் கூடாது என்பது அவர் கணக்கு. கனம் மட்டும் சரியாக இருந்தால் போதாது. பெல்ட் குறுக்கே குறுக்கே கோடு போட்டு வைத்திருக்கும், விரிசல் அந்தக் கோட்டிலிருந்துதான் கிளம்பும். உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி, நீளவாக்கில் தேய்த்து அந்தக் கோடுகளை அழிப்பார். பிறகு நகத்தால் வருடிப் பார்ப்பார். எங்காவது நகம் தட்டினால் மறுபடி தேய்ப்பார்.

தீயிலிருந்து வந்த பிறகு, மிச்சம் வைத்த இரும்பை எடுத்து விளிம்பைக் கூராக்க வேண்டும். அப்போது இரும்பு கெட்டியாகி இருக்கும், அரம் போட்டால் வழுக்கும். பெல்ட்டில் கொடுத்தே ஆக வேண்டும். கொஞ்சம் கொடுத்து, தண்ணீரில் முக்கி, மறுபடி கொடுத்து என்று வெகுநேரம் போகும். தூசியெல்லாம் கிளம்புவது அந்த வேலையில்தான். ஆடிக்காற்று கணவாய் வழியாக அடிக்கிற நாட்களில் தூசி அவர் முதுகுப்பக்கமாகப் போய்விடும். மாசி, பங்குனியில் இலை அசையாது. மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும்.

இருமல் எப்போது தொடங்கியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எல்லோரும்தான் இருமுகிறார்கள். குளிக்கப் போகிறவர் பாதி வழியில் துவைக்கிற கல்லில் உட்கார ஆரம்பித்தபோதுதான் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா சின்னப் பெண். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு, என்ன வேலை பார்த்தார் என்றுதான் முதலில் கேட்டார். "பொடி இனி பாடில்ல" என்றார். தூசியே கூடாது. பட்டறையில் இழுத்த மணல் நெஞ்சிலேயே தங்கிவிட்டது, அதை எடுக்க முடியாது, அதற்கு மேல் இரும்புத் தூசியும் சேர்ந்தால் இருக்கிற மூச்சும் போகும் என்று விவரமாகச் சொன்னார். மாஸ்க் போட்டுக்கொண்டு செய்யட்டுமா என்றேன். மாஸ்க்குக்கு உள்ளிருந்து இழுக்கிற பலம் இந்த நெஞ்சுக்கு இல்லை என்றார்.

கொட்டகையைச் சாத்தினோம். அவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், டிவி பார்த்தார். தட்டில் வைத்ததில் பாதியைக் கோழிக்குப் போட்டார். கள் இறக்குகிற தம்பி ஒருவன் எங்களிடம் வெகுநாளாகக் கத்தி வாங்குகிறவன். அவன் வந்தால் மட்டும் முகம் மாறும். அவனுடைய பழைய கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். தீட்டுகிற வேலைக்கு ஆள் போடலாமே என்று நான் ஒருமுறை வாயைவிட்டேன்.

"இன்னொருத்தன் நெஞ்சுக்குள்ள போறதுக்கு அதென்ன சக்கரையா?" என்றார்.

அதோடு அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டேன். ஆனால் யோசிப்பதை நிறுத்த முடியவில்லை. தீயில் வைக்கும் முன் இரும்பு மெத்தென்றிருக்கிறது. அப்போது அரம் பிடிக்கும். அரத்தில் ராவினால் தூள் காலடியில் விழும், பறக்காது, காந்தத்தை வைத்து அள்ளிவிடலாம். உப்புத்தாளைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் கறுப்புச் சேறுதான் வரும். ஆக, எடுக்க வேண்டியதையெல்லாம் தீக்கு முன்னாலேயே எடுத்துவிட்டால் பெல்ட்டே தேவையில்லை. எனக்கு இது பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிந்தது. காப்பி கொடுக்கும்போது சொன்னேன்.

"ஏனுங்க, தீக்கு மின்னாடியே எல்லாத்தையும் அரத்துல எடுத்துப்போட்டா என்னங்க? பொறகு பெல்ட்டு எதுக்குங்க?"

"நெளிஞ்சு போகும் அம்மிணி."

"நெளியாம பண்றதுக்கு ஒரு வழி இருக்குமுங்க."

"வழி இருந்தா இத்தன வருசம் நானென்ன மாடு மேச்சுட்டா இருந்தேன்?"

கோபமாகத்தான் சொன்னார். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்து கொட்டகைச் சாவியைத் தேடினார். அந்தச் சாவி கிடைத்தபோது எனக்கு வந்த சந்தோசத்தை இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சலாக இருக்கிறது.

அரம் பிடிக்க நான் கற்றுக்கொண்டேன். கை தடித்துப் போயிற்று. அவர் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு பார்ப்பார், நான் ராவுவேன். முதல் கத்தியைக் காகிதமாக்கிவிட்டுத்தான் தீயில் வைத்தேன். இப்போது எடு என்றார், எடுத்தேன். எண்ணெயில் முக்கி வெளியே தூக்கினால், விளிம்பு முழுக்கப் பாவாடைக் கரை மாதிரி சுருக்கம் சுருக்கமாக இருந்தது. அவர் வாங்கி ஓரமாக வைத்தார். இதற்குத்தான் சொன்னேன் என்று திட்டியிருந்தாலாவது நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பேன்.

அடுத்ததைக் கல்யாணப் பத்திரிகை கனத்துக்கு விட்டேன். அது நெளியவில்லை. எண்ணெய்க்குள் போன கொஞ்ச நேரத்தில் டிக்கென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. பல்லிச் சத்தம் என்று நான் நினைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். துடைத்துப் பார்த்தபோது விளிம்பிலிருந்து மேலே ஒரு முடிக் கோடு ஓடியிருந்தது. அது கிளம்பிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். நான் அழிக்காமல் விட்ட ஓர் அரக்கீறல்.

அந்தக் கீறல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. மெல்லிசாக இருப்பது குற்றமில்லை, கோடு இருப்பதுதான் குற்றம் என்று மனசு சொல்லிக்கொண்டது. கோடே இல்லாமல் தேய்த்துவிட்டால் எவ்வளவு மெல்லிசும் தாங்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்தால் தேய்ப்புத்தான். சொரசொரப்பான தாள், அதற்கு அடுத்த தாள், அதற்கும் அடுத்தது. பக்கத்துச் சித்தூரில் கிடைக்காத நைசுத் தாளுக்குக் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினேன். கார் பெயின்ட் அடிக்கிறவர்கள் வாங்குகிற தாள் அது. கத்தியில் என் முகம் தெரிந்தது. முன்பற்களுக்கு நடுவில் இருக்கும் சந்துகூடத் தெரிந்தது.

"மூஞ்சி பாக்கறதுக்கா பண்ற? தீயில போனா கருகருன்னுதான வரும்?" என்றார் அவர். சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. இருமி முடித்துவிட்டுச் சொன்னார், "நகம் தட்டாத வரைக்கும் போதும் அம்மிணி. அதுக்கு மேல தேய்க்கறது உன்ற மனசுக்குத்தான். கத்திக்கு இல்ல."

அது எனக்குத் தெரியாமல் இல்லை. நாள் முழுக்கத் தேய்த்து எடுத்த பளபளப்பு தீயில் போன கொஞ்ச நேரத்தில் கறுப்புச் செதிலாகிவிடும். பளபளத்த கத்தியும் விரிசல் விட்டது, நெளிந்தது. இருந்தும் தேய்க்கும் வரைக்கும் அவர் நெஞ்சுக்காக ஏதோ செய்துகொண்டிருக்கிறேன் என்று இருந்தது. கையை எடுத்தால் அந்த எண்ணம் போய்விடும். அப்போது எனக்கு எல்லார் மேலும் கோபம். பட்டறை மேல், மணல் மேல், டாக்டரம்மா மேல், அன்றைக்கே போக வேண்டாம் என்று காலைப் பிடித்துத் தடுக்காத அவருடைய அண்ணன் மேல். எல்லாரையும் விட இவர் மேல். இவருக்குச் சும்மா இருக்கத் தெரிந்திருந்தால் என்ன.

இரண்டாம் தடவை படம் எடுத்தபோது, வெள்ளைத் திட்டுகள் பெரிதாகியிருந்தன. தூசிப் பக்கமே போகவில்லையே என்றேன். டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே போன மணல், தூசி நின்ற பிறகும் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும் என்றார். இதை முதலிலேயே சொல்லியிருப்பார். நான் கேட்டிருக்க மாட்டேன். அன்றைக்கு வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்தது. மூக்கில் குழாய், மெஷினில் ஓயாத சத்தம். கரண்ட் போனால் கரண்ட் ஆபீசுக்குப் போன் போடுவேன். மகள் கோயம்புத்தூரிலிருந்து தினமும் போனில் கேட்பாள், அவள் கேட்பதற்கெல்லாம் நன்றாக இருக்கிறார் என்று சொல்வேன்.

அந்த மெஷினைத் தீக்குப் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது. தீ மூட்டுகிற நாளில் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, சுவரைப் பிடித்து நடந்து கொட்டகை வாசலுக்கு வருவார். உதடு நீலம் பாரிப்பதற்குள் முடித்தாக வேண்டும். அதனால் ஒரு தடவைக்கு ஒரு கத்திதான். அப்படி உட்கார்ந்த ஒரு நாளில் அவராகவே சொன்னார், "விளிம்பத் தீக்குக் காட்டாத. முதுகக் காட்டு. முதுகு பழுத்து அந்தச் சூடு தானா எறங்கட்டும். எண்ணெய்லயும் முதுகு மொதல்ல போகோணும். வெளிய எடுத்தொடன ரண்டு பட்டைக்கு நடுவுல வெச்சு இறுக்கிப்போடு." இத்தனையும் சொல்ல எத்தனை தடவை நிறுத்தினார் என்று நான் எண்ணவில்லை.

அப்படிச் செய்தும் இரண்டு போயிற்று. மூன்றாவது நேராக வந்தது. நெளிவு இல்லை, கோடு இல்லை. ஓவனில் வைத்துத் தணித்து, கறுப்பைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, சாணைக்கல்லில் ஈரமாகவே தீட்டினேன். புறங்கை முடியில் வைத்தேன், முடி உதிர்ந்தது. பெல்ட் ஓடவே இல்லை. துளித் தூசி பறக்கவில்லை. நான் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து அழுதேன். சந்தோசத்தில்தான் அழுதேன்.

கள் இறக்குகிற தம்பி அதைக் கொண்டுபோய் இரண்டு மூன்று நாள் மரம் ஏறிப் பார்த்துவிட்டு வந்தான். "அண்ணா, நல்லாப் போகுதுங்க. நீங்க தீட்டிக் குடுத்த மாதிரியே இருக்குதுங்க" என்றான். கத்தியை என்னிடம் தந்துவிட்டு அவன் போன பிறகு, என் வீட்டுக்காரர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கட்டைவிரலைக் குறுக்கே வைத்து விளிம்பைப் பார்த்தார். முதுகைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து நேர் பார்த்தார்.

"பெல்ட்டே படலையா?"

"படலீங்க. ஒருக்காகூட."

"அப்ப இதுல எனக்கு என்ன வேலை இருக்குது அம்மிணி?"

பால்காரர் வந்தாரா என்று கேட்கிற குரலில்தான் கேட்டார். நான், நீங்கள் சொன்னதால்தானே வந்தது என்றேன். "சொல்றதெல்லாம் வேலையா?" என்றார். கத்தியை என்னிடம் நீட்டிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் கொட்டகையைப் பற்றிக் கேட்கவில்லை. தீ மூட்டுகிறேன், வருகிறீர்களா என்றால், நீயே பார்த்துக்கொள் என்பார். குழாயைக் கழற்றவே இல்லை. கொடுத்ததைச் சாப்பிட்டார், கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டார். ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் கருவி நல்ல கணக்குத்தான் காட்டியது. டாக்டரம்மா, இப்போது சொன்ன பேச்சைக் கேட்கிறார் என்று பாராட்டினார். எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது. மூச்சைச் சேர்த்து வைத்துக் கொடுத்துவிட்டேன், அதை வைத்துக்கொண்டு செய்வதற்கு அவருக்கு ஒன்றும் இல்லை. வாசலில் பஸ் போவதைப் பார்த்துக்கொண்டு அவர் செத்துப்போவதற்காகவா நான் இத்தனை தாள் தேய்த்தேன்?

அடுத்த கத்தியை எடுத்தேன். மெல்லிசாகும் வரைக்கும் ராவவில்லை. பாதியில் அரத்தைக் கீழே வைத்தேன். கோடுகளை மட்டும் நகம் தட்டாத அளவுக்கு அழித்தேன். நானே தீயில் வைத்து, எண்ணெயில் முக்கி, தணித்து, கறுப்போடு அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

விளிம்பைத் தடவிப் பார்த்தார். "கனமா இருக்குதே."

"ஆமாங்க. அதுக்கு மேல எனக்குக் கை வரலீங்க."

பொய் என்று அவருக்குத் தெரியும். என் கை எவ்வளவு வரும் என்று அவரை விட யாருக்குத் தெரியும். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காதில் மாட்டியிருந்த மூக்குக் குழாயைத் தானே கழற்றி நாற்காலிக் கையில் மாட்டிவிட்டு எழுந்தார். வழியில் இரண்டு இடத்தில் நின்றோம். நான் தோளைக் கொடுத்தேன், அவர் பிடித்துக்கொண்டார். இலைகூட அசையாத வெயில். மெஷினுக்கு முன்னால் நின்று, பெல்ட்டை விரலால் இழுத்துப் பார்த்து, தொய்ந்திருந்ததைத் திருகி இறுக்கினார். வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைக்கச் சொன்னார், வைத்தேன். இரண்டு கையாலும் கத்தியைப் பிடித்துக்கொண்டு, முழங்கையை இடுப்பில் ஊன்றி நின்றார். வெகுநாளைக்குப் பிறகு நிமிர்ந்து நின்றார்.

ஸ்விட்ச் என் பக்கத்துச் சுவரில் இருந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் போட்டேன்.